'வாட்டர்' படத்தை நெல்லைச் சீமையின் ஊர்களில் திரையிடுவோருக்கு

தீபா மேத்தா இயக்கிய 'வாட்டர்' என்னும் இந்தித் திரைப்படத்தைத் தாமிரபரணிக் கரையோரத்து ஊர்களில், பெரும்பாலும் பீடி சுற்றும் பெண்களும் வயல்வேலைக்குச் செல்லும் பெண்களும் கூடிய கூட்டங்களில், சில முறை திரையிட்டுப் பேசிய பழக்கத்தில் இதை எழுதுகிறேன். மகளிர் சுயஉதவிக் குழுவினரோ, நூலக வாசகர் வட்டத்தினரோ, கல்லூரி மாணவியரோ இதே முயற்சியில் இறங்க எண்ணினால் அவர்களுக்கு இது உதவக்கூடும். இப்படத்தைக் காட்டுவது எளிது. "ஐயோ பாவம், அந்தக் காலத்தில் காசியில் இப்படியெல்லாம் நடந்திருக்கிறதே" என்று சொல்லிவிட்டு எல்லாரும் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடாமல், பேச்சைத் தங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கடினம். கீழே சொல்லும் ஏற்பாடுகள் யாவும் அந்தக் கடினத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

படத்தை முதலில் நீங்கள் பாருங்கள்

திரையிடுபவர் இப்படத்தை முன்னதாக இரண்டு முறையாவது முழுமையாகப் பார்த்திருக்க வேண்டும். கதை 1938-ஆம் ஆண்டில் காசியில் நடக்கிறது. தனக்குத் திருமணம் நடந்ததே நினைவில் இல்லாத எட்டு வயதுச் சிறுமி சுய்யா கணவனை இழக்கிறாள். வளையல்கள் உடைக்கப்பட்டு, தலை மழிக்கப்பட்டு, கங்கைக் கரையில் உள்ள கைம்பெண்கள் விடுதி ஒன்றில் கொண்டுவந்து விடப்படுகிறாள். அவ்விடுதியை மதுமதி என்னும் வயதான பெண் தன் பிடியில் வைத்திருக்கிறாள். கல்யாணி என்னும் இளம்பெண்ணுக்கு மட்டும் தலைமுடியை விட்டுவைத்து, இரவுகளில் அவளைப் படகேற்றிச் செல்வந்தர் வீடுகளுக்கு அனுப்பி, அந்த வருமானத்தில் விடுதியை நடத்துகிறாள். காந்தியக் கருத்துகளில் ஈடுபாடு கொண்ட நாராயணன் கல்யாணியை மணக்க விரும்புகிறான். தான் அனுப்பப்பட்ட வீடுகளுள் ஒன்று அவனுடைய தந்தையின் வீடே என்று தெரிய வந்ததும் அவள் ஆற்றில் இறங்கி உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவளுடைய இடத்துக்குச் சிறுமி சுய்யா அனுப்பப்படுகிறாள். படிப்பறிவும் பக்தியும் நிறைந்த சகுந்தலா என்னும் கைம்பெண், இறுதியில் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, காந்தி வந்திருக்கும் ரயில் நிலையத்துக்குச் சென்று, புறப்படும் ரயிலில் இருக்கும் நாராயணனிடம் ஒப்படைக்கிறாள்.

குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை திரையில் காட்டப்படுவதில்லை; ஆயினும் பார்ப்பவர்களுக்கு அது தெளிவாகப் புரியும். ஆகவே பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை இத்திரையிடலுக்கு அழைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கணவரை இழந்து ஓராண்டு நிறையாத பெண்கள் ஊரில் இருந்தால், அவர்களுடைய வீட்டுக்குத் தனியே சென்று, கல்யாணியின் முடிவு உட்பட முழுக் கதையையும் முன்கூட்டியே சொல்லி, வருவதும் வராததும் அவர்கள் விருப்பம் என்று தெளிவாகக் கூறிவிட்டு வாருங்கள். கதை தெரிந்துவிட்டால் சுவை குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அவர்களுடைய மனம் பெரிது.

படம் உருவான வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் யாரேனும் கட்டாயம் கேட்பார்கள். 2000-ஆம் ஆண்டில் காசியில் படப்பிடிப்பு தொடங்கியபோது எதிர்ப்பாளர்கள் அரங்க அமைப்பை அழித்துக் கங்கையில் வீசினார்கள்; படப்பிடிப்பு நின்றுபோயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் வேறு நடிகர்களைக் கொண்டு, வேறொரு பெயரைச் சொல்லி, இலங்கையில் அது படமாக்கப்பட்டது. சுய்யாவாக நடித்த சரளா இலங்கைச் சிறுமி. இந்தி அறியாத அவள் வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினாள். 2005-இல் டொரண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது, 2007-இல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது, அதே ஆண்டு கனடாவின் சார்பில் ஆஸ்கர் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பாடல்களுக்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான் என்ற ஒரு செய்தி இளம்பெண்களை வரவழைக்கப் போதுமானது. பொது இடத்தில் காட்டுவதற்கு உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி தேவை என்பதையும், வீட்டில் பார்ப்பதற்காக வாங்கிய குறுந்தகடு அந்த அனுமதி ஆகாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அழைப்பும் இடமும்

திரையிடலின் பாதி வேலை அழைப்பிலேயே முடிந்துவிடுகிறது. நம் ஊர்களில் நல்ல காரியத்துக்கு அழைக்க வருபவர்கள் குங்குமச் சிமிழோடு வந்து, வீட்டில் உள்ள சுமங்கலியின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியோ, தார்சா என்னும் முன்கூடத்தின் மூலையில் சொளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் மதினியோ அந்த அழைப்பில் அடங்குவதில்லை. பல்லாண்டுகள் இவ்வாறு பழகிய ஒருவர், "எல்லாரும் வாருங்கள்" என்ற பொதுவான சொல் தமக்கும் உரியது என்று எடுத்துக்கொள்ள மாட்டார். எனவே கைம்பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் செல்லுங்கள். அவர்களை முறை சொல்லி, அக்கா என்றோ பெரியம்மை என்றோ ஆச்சி என்றோ நேராக விளித்து, "உங்களை அழைக்கத்தான் வந்தேன்" என்று சொல்லுங்கள்.

என் முதல் திரையிடலில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வழக்கப்படி வாசலில் ஒரு மேசை போட்டு, சந்தனம், குங்குமம், கல்கண்டு, பூ ஆகியவற்றைத் தட்டில் வைத்திருந்தேன். ஆறேழு வீடுகள் தள்ளியிருந்து வந்த வயதான அம்மா ஒருவர், அந்த மேசையைக் கண்டதும் ஒதுங்கிச் சுவரோரமாக நின்றுவிட்டார். படம் தொடங்கி விளக்கை அணைத்த பிறகுதான் உள்ளே வந்து கடைசியில் உட்கார்ந்தார். எந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசுவதற்காக அவரை அழைத்தேனோ, அதே பழக்கத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன் என்பது அவர் போன பின்புதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பின் வாசலில் மேசை வைப்பதில்லை. குடிக்கத் தண்ணீரும், கடுங்காப்பியும், வேகவைத்த பனங்கிழங்கோ சுண்டலோ போதும். எல்லாருக்கும் ஒரே கையால், ஒரே வரிசையில் கொடுங்கள். பூ கொடுத்தே ஆகவேண்டும் என்று சிலர் வலியுறுத்துவார்கள். கொடுப்பதானால் எல்லாருக்கும் நீட்டுங்கள், வாங்காதவரை வற்புறுத்தாதீர்கள். நாற்பது ஆண்டுகளாகத் தலையில் பூ வைக்காத ஒருவரை ஊரார் முன்னிலையில் வைக்கச் சொல்வதும் ஒரு வகைக் கொடுமைதான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரிய மண்டபமோ சாவடியோ வேண்டாம். அங்கே மற்றத் தெருப் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் வாய் திறக்கமாட்டார்கள். பள்ளிக்கூடமும் கிளை நூலகமும் எல்லாருக்கும் பொதுவானவை. ஊர்க் கோயிலில் கொடைவிழா நடக்கும் வாரத்தையும் நடவு, அறுப்பு நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளியை நம்பாதீர்கள். பீடிக்கடையில் கணக்கு ஒப்படைக்கும் நேரம் ஊருக்கு ஊர் மாறும், அதைக் கேட்டறிந்து அதற்குப் பிந்திய நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொளவோடு வர விரும்புகிறவர்களை அப்படியே வரவிடுங்கள், பின்புறம் ஒரு குழல்விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும். கை வேலையில் இருக்கும்போது மனத்தில் உள்ளது எளிதாக வாய்க்கு வருகிறது என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

படத்தை நிறுத்திச் சொல்லுதல்

இந்தி வசனத்துக்குக் கீழே ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டே படம் பார்ப்பது நம் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இயலாது. ஆகையால் கதை சொல்லி ஒருவர் வேண்டும். நல்ல குரலும், வில்லுப்பாட்டு கேட்டுப் பழகிய காதும் உள்ள, அந்த வட்டாரத்துப் பேச்சிலேயே பேசக்கூடிய ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுங்கள். அவர் வசனத்தின் மேலேயே பேசிக்கொண்டு போகக் கூடாது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும் படத்தை நான்கைந்து இடங்களில் நிறுத்தி, நடந்ததையும் பேசப்பட்டதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மீண்டும் ஓடவிட வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு என் அனுபவத்தில் கண்ட இடங்களைச் சொல்கிறேன். தந்தை, "உன் கணவன் இறந்துவிட்டான், நீ இப்போது கைம்பெண்" என்று சொல்ல, குழந்தை "எதுவரைக்கும்?" என்று கேட்கும் இடம் முதலாவது. அதை மொழிபெயர்த்துச் சொன்னவுடன் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழும். அந்த மூச்சு அடங்கும்வரை காத்திருங்கள். கைம்பெண்களுக்கு இந்த வீடு என்றால் மனைவியை இழந்த ஆண்களுக்கான வீடு எங்கே இருக்கிறது என்று சுய்யா கேட்க, விடுதியே பதறிப்போகும் காட்சி அடுத்தது. சிறுவயதில் தன் திருமண விருந்தில் உண்ட இனிப்புகளையே வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும் கிழவிக்குச் சுய்யா ஒரு லட்டு வாங்கிக் கொடுக்கும் காட்சி வேறொன்று. இதற்கு விளக்கம் ஏதும் தேவைப்படாது. கைம்பெண்கள் ஏன் இங்கே அனுப்பப்படுகிறார்கள் என்று சகுந்தலா கேட்க, ஒரு வாய்ச்சோறும், சில சேலைகளும், ஒரு படுக்கையும், வீட்டில் ஒரு மூலையும் மிச்சமாகின்றன, சமயத்தின் பெயரால் மூடி வைத்திருப்பது பணக் கணக்குதான் என்று நாராயணன் விடை சொல்லும் காட்சியைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். பின்னால் நடக்கப்போகும் பேச்சு முழுவதும் அந்த விடையின் மேல்தான் நிற்கப்போகிறது.

கதை சொல்லி எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதிலும் கவனம் வேண்டும். கைம்பெண் என்ற சொல்லே பொருத்தமானது. அறுதலி, மூளி, முண்டை என்பவை நம் தெருச் சண்டைகளில் இன்றும் வசவாக ஒலிக்கின்றன. ஆண்களைத் திட்டுவதற்குச் சர்வசாதாரணமாக வீசப்படும் கம்மனாட்டி என்பதும் கைம்பெண்டாட்டி என்ற சொல்லின் திரிபுதான். இதைப் பேச்சின்போது எடுத்துச் சொன்னால், அந்த வசவை நாள்தோறும் வாயில் வைத்திருப்பவர்கள்கூடச் சற்று நேரம் மௌனமாகிவிடுகிறார்கள்.

பேச்சைத் தொடங்குவது எப்படி

படம் முடிந்தவுடன் விளக்கைப் போடாதீர்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 3 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கைம்பெண்கள் இருக்கிறார்கள் என்ற குறிப்பு இறுதியில் திரையில் வரும். அதைப் படித்துச் சொல்லிவிட்டு, இரண்டு நிமிடம் சும்மா இருங்கள்.

"படம் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துபோகும். உணவிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டு ஆச்சி எதையெல்லாம் சாப்பிடாமல் விட்டுவிட்டார், இரவில் அவருக்கு என்ன கொடுத்தார்கள், பண்டிகைப் பலகாரம் அவர் தட்டுக்கு எப்போது போயிற்று என்று கேளுங்கள். லட்டுக் காட்சியைப் பார்த்த மனத்துக்கு இந்தக் கேள்வி மிக அருகில் இருக்கும். நினைவுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். கைம்பெண்கள் உடுத்திய நார்மடிச் சேலை, மழித்த தலை ஆகியவற்றை அக்கிரகாரங்களில் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் ஒருவர் உறுதியாக எழுந்து, "எங்க சாதியில அப்படியெல்லாம் கெடையாது, நாங்க அறுத்துக்கட்டுவோம்" என்பார். அது உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். நெல்லைச் சீமையில் பல சமுதாயங்களில் மறுமணம் நெடுங்காலமாக வழக்கில் இருந்திருக்கிறது, காசி விடுதியின் துயரம் எல்லாத் தெருக்களின் துயரமும் அன்று. ஒப்புக்கொண்ட பிறகு, பதினாறாம் நாள் சடங்கை நினைவூட்டுங்கள். கணவன் இறந்த வேதனையிலேயே இருக்கும் பெண்ணுக்குக் கைநிறைய வளையல் அடுக்கி, தலைநிறையப் பூ வைத்து, எல்லாரும் பார்க்க உட்காரவைத்து, பிறகு ஒவ்வொன்றாக நீக்குகிறோமே, அது எந்தச் சாதியில் இல்லை என்று கேளுங்கள். மகள் திருமணத்தில் தாலியைத் தொட்டு வாழ்த்தத் தட்டு சுற்றி வரும்போது, பெற்ற தாய் ஏன் தூண் மறைவில் நிற்கிறாள், வளைகாப்பில் முதல் வளையலை அவள் ஏன் போடுவதில்லை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். விடை சொல்ல வேண்டியவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படம் நம் சமயத்தைப் பழிக்கிறது என்ற குறையும் வரக்கூடும். அப்படிச் சொல்பவரோடு வாதாட வேண்டாம். படத்தில் மிகுந்த பக்தி உடையவள் சகுந்தலாவே என்பதையும், கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் இடங்கொடுக்கிறது என்ற செய்தியை அவளுக்குச் சொல்பவர் படித்துறையில் புராணம் படிக்கும் பண்டிதரே என்பதையும் சுட்டிக்காட்டுங்கள். நம் மண்ணின் எழுத்தையே சான்றாக வைத்தால் இன்னும் நல்லது. எட்டயபுரத்தில் பிறந்து நெல்லையில் பயின்ற பாரதி எழுதி முடிக்காமல் விட்ட 'சந்திரிகையின் கதை' பொதிகை மலையடிவாரத்து அக்கிரகாரம் ஒன்றில்தான் தொடங்குகிறது. அதில் சாகும் தறுவாயில் இருக்கும் கோமதி, தன் நாத்தியாகிய இளங்கைம்பெண் விசாலாட்சியிடம், பிறந்த குழந்தையை ஒப்படைப்பதோடு, நீ மறுமணம் செய்துகொள் என்றும் சொல்கிறாள். அந்தப் பகுதியை உரக்கப் படிக்கச் செய்தால், காசி மிகத் தொலைவில் இருக்கிறது என்ற எண்ணம் தானாகவே நீங்கிவிடும்.

ஆண்களை அழைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் ஒரு மணி நேரப் பேச்சு பெண்களுக்குள் நடக்கட்டும். அதன்பின் மகன்களை, குறிப்பாகத் தாயின் கையெழுத்து வாங்கிப் பட்டா மாற்றும் வயதில் இருக்கும் மகன்களை, உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். நாராயணன் சொன்ன சோற்றுக் கணக்கும் மூலைக் கணக்கும் நம் ஊரில் வயல் கணக்காகவும் வீட்டுக் கணக்காகவும் தொடர்கின்றன.

சட்டத்தையும் தாள்களையும் பற்றி

இந்தப் பகுதியை ஒரு வழக்கறிஞரோ, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலரோ பேசினால் சிறப்பு. எனினும் அடிப்படைச் செய்திகளை நீங்களும் அறிந்திருக்க வேண்டும். 1856-ஆம் ஆண்டின் கைம்பெண் மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லுபடியாக்கியது, ஆனால் மறுமணம் செய்தவள் முதல் கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் அதே சட்டம் கூறியது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகியோர் முதல் நிலை வாரிசுகள். மனைவிக்கு ஒரு மகனுக்கு உரிய அளவே பங்கு உண்டு, பின்னர் அவள் மறுமணம் செய்துகொண்டாலும் அவ்வாறு பெற்ற பங்கு அவளை விட்டுப் போகாது. இந்த ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொல்லுங்கள், ஏனெனில் மறுமணம் செய்தால் எல்லாம் போய்விடும் என்ற பேச்சு இன்றும் ஊர்களில் உலவுகிறது.

வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியரிடமிருந்தும், ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் கோட்டாட்சியரிடமிருந்தும் பெறப்படுகின்றன. அம்பாசமுத்திரம் பகுதியினருக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் சேரன்மகாதேவியில் உள்ளது. இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதரவற்ற கைம்பெண்களுக்கான மாத ஓய்வூதியம் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மறுமணம் செய்துகொள்ளும் கைம்பெண்களுக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான நிதியுதவித் திட்டம் இருக்கிறது. கணவரின் இறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களை யார் யார் கொண்டுவர வேண்டும் என்பதை அழைக்கச் செல்லும்போதே சொல்லிவிட்டால், திரையிடல் நாளிலேயே விண்ணப்பங்களை நிரப்பி முடிக்கலாம். மகன் பெயரில் குடும்ப அட்டை இருப்பதால் ஆதரவற்றவர் அல்லர் என்று மறுக்கப்படுபவர்கள் பலர். அவர்களுடைய உண்மை நிலையைத் தனித்தாளில் விவரமாக எழுதி இணைப்பது நல்லது.

ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொருவரின் விண்ணப்ப எண்ணையும், கொடுத்த நாளையும் குறித்து வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை இ-சேவை மையத்தில் நிலையைக் கேட்டுவாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நகராத விண்ணப்பங்களின் பட்டியலோடு, கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு உரியவர்களையே அழைத்துச் செல்லுங்கள். மனுவை அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி, திரும்பும் பேருந்தில் ஏறுவதற்கு முன் அதையும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.